பாலையா இடம் காலியா இருக்கு

பேராண்டிகளா, உங்க பாட்காஸ்ட்டை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கேட்டேன். ஊருக்குள்ள அதை முழுசாக் கேட்ட ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன். பேசுன உங்களுக்கே பாதிக்கு மேல என்ன பேசுனோம்னு ஞாபகம் இருக்காது. காது கொஞ்சம் மந்தமான கிழவனுக்குத்தான் இந்த மாதிரி நிகழ்ச்சியெல்லாம் ஒத்துவரும். தேவையில்லாதது தானா வடிகட்டிப் போயிரும்.

கோவிச்சுக்கிறாதீங்கடா. மூணு பேரும் நல்ல பயலுகதான். ஒருத்தன் என் பேரன், ஒருத்தன் டீக்கடைக்காரர் மகன், மூணாவது அந்தக் கண்ணாடிக்காரன். பழைய படம், பழைய பாட்டு ஆல்பம், இதுகளைப் பத்திச் சிரிக்கச் சிரிக்கப் பேசப்போறோம்னு கிளம்புனீங்க. நல்ல காரியம். ஊர்ப் பயலுக பூராம் செல்லைத் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் தேஞ்சு திரியுற காலத்துல, 1964-ல வந்த படத்தை எந்திரிக்காம உக்காந்து பாத்தோம்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கே ஒரு கும்பிடு.

இடம் பிடிச்சதுலயும் மூளை இருக்கு. தோட்டத்து மோட்டார் ரூமு. ஊர்ச் சத்தம் வராது, அப்பன் ஆத்தா தொல்லை கிடையாது. எதிரொலி கேக்கக் கூடாதுன்னு சுவத்துல எங்க வீட்டுக் கல்யாணச் சமுக்காளத்தை ஆணி அடிச்சுத் தொங்கவிட்டிருக்கீங்க. மைக்குக்குக் கறுப்புப் பஞ்சுத் தொப்பி வேற. எல்லாம் சரி, மும்முனைக் கரண்டு எத்தனை மணிக்கு வரும்னு மட்டும் பாக்கலை. இளையராஜா 1986-ல போட்ட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்துல வி.எஸ். நரசிம்மனோட வயலின் எப்படி இழையுதுன்னு கண்ணாடிக்காரன் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிக்கிட்டு இருக்கான். அந்த நேரம் பாத்து ஸ்டார்ட்டரு 'டக்'குனு விழுந்து ஏழரை எச்.பி. மோட்டாரு உறுமுது. ஒண்ணு சொல்றேன் கேளுங்க: உங்க நிகழ்ச்சியில தாளம் தப்பாத இடம் அது ஒண்ணுதான்.

அதுக்காக மனசு விட்டுறாதீங்க. 1976-ல 'அன்னக்கிளி'க்குப் பாட்டுப் பதிவு தொடங்குன அன்னைக்குக் கரண்டு போயிருச்சுன்னு இளையராஜாவே மேடையில சொல்லியிருக்காரு. அவருக்குக் கரண்டு போச்சு, உங்களுக்குக் கரண்டு வந்துச்சு. அவரு அதுக்கப்புறம் ஆயிரம் படம் தாண்டிட்டாரு. நீங்க அடுத்த வாரம் மோட்டாரை ஆஃப் பண்ணிட்டுப் பேசுங்க, போதும்.

'பெருசு, உனக்கு இதுல என்ன தெரியும்?'னு கேப்பீங்க. நான் மைக்செட்டுக்காரன்டா. நீங்க இப்ப ஆல்பம்னு பேசுறதை எல்லாம் நான் துணியை வச்சுத் தூசி துடைச்சு, புளியமரத்து உச்சியில குழாயைக் கட்டி, ஊருக்கே போட்டுக் காமிச்சவன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை எதுவா இருந்தாலும் நாந்தான். 78 சுத்துத் தட்டுன்னா ஒரு பக்கம் மூணு நிமிசம் சொச்சம்தான். இந்தத் தட்டு முடியுறதுக்குள்ள அடுத்த தட்டைக் கையில எடுத்து வச்சிருக்கணும். வெத்தலை போடக்கூட நேரம் இருக்காது. 33 சுத்து எல்.பி. வந்த பெறகுதான் ஒரு பக்கம் இருபது நிமிசத்துக்குப் பக்கமா ஓடுச்சு, மைக்செட்டுக்காரனும் மனுசன் மாதிரி உக்காந்து சோறு தின்னான்.

அந்தத் தொழில்ல இருந்து ரெண்டு மூணு புத்தி சொல்றேன். காசு வேண்டாம், இப்போதைக்கு.

முதல்ல சிரிப்பு. நீங்க சொல்ற ஜோக்குக்கு நீங்களே சிரிச்சு முடிச்சிர்றீங்க. கேக்குறவனுக்கு ஒரு வாய்கூட மிச்சம் வைக்கிறதில்லை. பந்திக்கு இலை போடுறதுக்கு முன்னாலயே சமையக்காரன் தின்னு முடிச்சு ஏப்பம் விட்டா, வந்த விருந்தாளி எங்கடா போவான்? 1989-ல வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழச் சண்டையை நீங்க நடிச்சுக் காமிச்சதையும் கேட்டேன். நடிப்பை விட நடுவுல சிரிச்ச சிரிப்புதான் அதிகம். அசலை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. கவுண்டமணி சிரிக்கவே மாட்டாரு. ரெண்டு பழத்துக்குக் காசு கொடுத்தவருக்குக் கணக்கு இடிக்குது, அது அவருக்கு மானப் பிரச்சினை. செந்திலும் சிரிக்க மாட்டாரு. தான் சொன்ன பதிலு நூத்துக்கு நூறு நியாயம்னு அவரு நம்புறாரு. அவங்க ரெண்டு பேரும் சிரிக்காததாலதான் முப்பத்தஞ்சு வருசமா நமக்கு வயிறு வலிக்குது.

அடுத்து, பேரு. 'இந்த எடத்துல தபேலா செமயா இருக்கு ப்ரோ', 'அந்த ஃப்ளூட்டு வேற மாதிரி ப்ரோ'. வாசிச்சவன் ஆருடா? அவனுக்கு ஆத்தா அப்பன் பேரு வைக்கலையா? எங்க காலத்துல ரேடியோவைத் திருகுனா இலங்கை வானொலி வரும். அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா எல்லாம் பேசுவாங்க. ராஜா பேசுனா மழை கொட்டுன வேகம், ஆனா ஒரு எழுத்தும் சிந்தாது. அவங்க ஒரு பாட்டு போட்டா படம் எது, பாடுனது யாரு, எழுதுனது யாரு, இசை யாருன்னு சொல்லிட்டுத்தான் விடுவாங்க. ஆடு மேய்க்கிறவனுக்குக் கூட எந்தப் பாட்டு கண்ணதாசன், எந்தப் பாட்டு வாலின்னு தெரிஞ்சது அந்தப் புண்ணியத்துலதான். நீங்க பேசுன 'நத்திங் பட் விண்ட்' 1988-ல வந்தது. அதுல புல்லாங்குழல் வாசிச்சவரு ஹரிபிரசாத் சௌராசியா. எவ்வளவு பெரிய மனுசன்! அவரை 'ஃப்ளூட்டு'ன்னு ஒரு சொல்லுல முடிச்சுட்டு, நீங்க தின்ன பரோட்டாவைப் பத்திப் பத்து நிமிசம் பேசுறீங்க. பரோட்டாக் கடைக்குக் கூட பேரைச் சொன்னீங்களேடா!

மூணாவது, 'அந்த நாள்'. 1954, ஏவிஎம் படம், வீணை எஸ். பாலசந்தர் டைரக்சன். சென்னையில ஜப்பான்காரன் குண்டு போட்ட 1943-ல நடக்குற கதை. எடுத்த எடுப்புலயே சிவாஜியைச் சுட்டுக் கொன்னுர்றாங்க, சுட்டது யாருன்னு தேடுறதுதான் மொத்தப் படமும். அதுல பாட்டே கிடையாது. மைக்செட்டுக்காரனுக்கு அப்படி ஒரு படத்தால பத்து பைசா பிரயோசனம் இல்லை. எனக்கே அந்தப் படத்து மேல மருவாதி இருக்குன்னா பாத்துக்கங்க. நீங்க என்னடான்னா, வணக்கம் சொல்லி வாயை மூடுறதுக்குள்ள கொலையாளி யாருன்னு சொல்லிட்டீங்க. எழுபது வருசமா அந்தப் படம் காப்பாத்துன ரகசியத்தை எழுபது நொடியில போட்டு உடைச்சீங்க. இனிமே அப்படிப் படத்தைப் பத்திப் பேசுனா, பாக்காதவன் எந்திரிச்சுப் போறதுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிருங்க.

எதைத் தொட்டாலும் 'கிளாசிக்', 'கிளாசிக்'னு வேற சொல்றீங்க. அதுக்கு ஒரு அளவுகோல் வேணாமா? எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. கொடை முடிஞ்சு, ராத்திரி மூணு மணிக்கு ஆம்ப்ளிஃபயரை அணைச்சு, மரத்துல ஏறி குழாயைக் கழட்டப் போவேன். அந்நேரம் எவனாவது ஒருத்தன் துண்டைத் தலையில கட்டிக்கிட்டுக் கீழ வந்து நிப்பான். 'அண்ணே, அந்த ஒண்ணை மட்டும் போட்டுட்டுக் கழட்டுங்கண்ணே'ம்பான். அவன் கேக்குற பாட்டுத்தான் நிக்கும். பத்திரிகையில மார்க்கு போட்டவனுக்குத் தெரியாதது மரத்தடியில நின்னவனுக்குத் தெரிஞ்சது.

இதெல்லாம் சில்லறைப் புத்தி. பெரிய புத்தியை இப்பத்தான் சொல்லப் போறேன். கண்ணாடிக்காரா, செல்லை வை.

உங்க நிகழ்ச்சியில மூணு பேரும் பேசுறீங்க. கேக்குறதுக்கு ஒருத்தனும் இல்லை. மூணு பேரும் நாகேஷ். பாலையா இடம் காலியா இருக்கு.

நீங்களே எடுத்துப் பேசுன படம்தானே 'காதலிக்க நேரமில்லை'? ஸ்ரீதர் படம். அதுல நாகேஷ் பேய்ப்படக் கதை சொல்ற காட்சியைப் பத்தி மூணு பேரும் அரை மணி நேரம் பேசுனீங்க. நாகேஷ் எப்படிக் கண்ணை உருட்டுனாரு, வாயிலயே எப்படிச் சத்தம் குடுத்தாருன்னு ஒருத்தரை ஒருத்தர் மிஞ்சிப் பேசுனீங்க. எதுத்தாப்புல உக்காந்திருந்த டி.எஸ். பாலையாவை ஒரு பய கண்டுக்கிடலை. அந்தக் கதையில என்னடா இருக்கு? இருட்டு, சத்தம், பயம், அவ்வளவுதான். எழுதிப் படிச்சா ஒரு பக்கம் தேறாது. நாகேஷ் சொல்லச் சொல்ல பாலையா முகம் வெளிறுது பாருங்க, உடம்பு ஒடுங்குது பாருங்க, அங்கதான் கதையே இருக்கு. நாகேஷ் சொல்றதை நாம பாலையா முகத்துல பாத்துச் சிரிக்கிறோம். அவரு பயப்படலைன்னா நாகேஷ் தனியாக் கத்துற பைத்தியம்.

மறுவருசம், 1965-ல 'திருவிளையாடல்'. ஏ.பி. நாகராஜன் எடுத்தது. விறகு வித்த கதை உங்களுக்குத் தெரியும். பாண்டியன் சபையில நெஞ்சை நிமித்திப் பாடி, எனக்கு இணை எவனும் இந்த ஊருல உண்டான்னு கேட்ட ஹேமநாத பாகவதரா வர்றாரு பாலையா. அவருக்குக் குரல் கொடுத்தது பாலமுரளிகிருஷ்ணா. ராத்திரி ஆகுது. விறகு விக்கிறவனா வந்த சிவாஜி பாடுறாரு. அப்ப பாலையாவைக் கவனிங்க. முதல்ல எரிச்சல், பெறகு சந்தேகம், கடைசியில கிலி. விடியுறதுக்குள்ள ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிர்றாரு. சிவபெருமான் பாடுனது பெரிய பாட்டுங்கிறது அந்த மனுசன் கேட்டுத் தோத்ததுலதான் நமக்கு உறைக்குது. கர்வத்தோட பாடுனவரு கர்வம் போகக் கேட்டாரு. ரெண்டையும் ஒரே ஆளு செஞ்சு காமிச்சாரு.

அப்புறம் 1968-ல 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடன்ல தொடரா எழுதுன கதை. சிவாஜியும் ஏவிஎம் ராஜனும் வாசிக்கிற மாதிரி வர்ற நாதஸ்வரம் நம்ம மதுரை சேதுராமன், பொன்னுசாமி அண்ணன் தம்பிங்க வாசிச்சது. இதை நீங்க சொல்லவே இல்லை. சொந்த ஊர்க்காரனை விட்டுக்கொடுத்தீங்க, அது தனிக் கணக்கு. அதுல பாலையா தவில்காரரு. தவில்காரன் வேலை என்ன? நாதஸ்வரக்காரன் அடுத்து எங்க போகப் போறான்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். அவன் மூச்சு வாங்குற எடம் தெரியணும், அங்க கை நிக்கணும். அவன் ஏறுற எடத்துல இவன் கூட ஏறணும். பாலையா நிசமா தவில் வித்துவானான்னு கேட்டா இல்லை. ஆனா அவரு தலையை ஆட்டுறதையும், பக்கத்தாளைப் பாக்குற பார்வையையும் பாத்துட்டு எங்க ஊரு மேளக்காரரு ஒருத்தரு, 'இந்தாளு கைக்கு விரல்கூடு மாட்டி விடுங்கப்பா, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்'னாரு.

மூணு படம், மூணு வேசம். ஒண்ணுல பணக்கார அப்பா, ஒண்ணுல பாகவதரு, ஒண்ணுல தவில்காரரு. 1936-ல 'சதி லீலாவதி'யில எம்.ஜி.ஆர். கூடவும் என்.எஸ். கிருஷ்ணன் கூடவும் சினிமாவுக்கு வந்தவரு. அவங்க பேரு கொடியில ஏறிச்சு, சிலையா நின்னுச்சு. இவரு அடுத்தவன் பேசுறதையும் பாடுறதையும் வாசிக்கிறதையும் கேட்டே நம்ம மனசுல உக்காந்துட்டாரு.

என் பேரன் இங்க ஒரு கேள்வி கேப்பான், எனக்குத் தெரியும். 'தாத்தா, அது சினிமா, முகம் தெரியும். எங்களுது குரல் மட்டும்தானே? நான் வாயைப் பொளந்து கேட்டா எவனுக்குத் தெரியும்?' அடேய், முகமே தெரியாத 'திருவிளையாடல்' கதைவசனத் தட்டை நான் எத்தனை கொடையில போட்டிருக்கேன்! சினிமாவைக் காதால கேட்ட ஊருடா இது. தருமி புலம்புற எடம் வந்தா, உலையில அரிசி போட வந்தவளுக கையில அரிசியோட நிப்பாளுக. அதுல நாகேஷ் குரல் மட்டுமா கேக்கும்? எதுத்தாள் மூச்சும் கேக்கும். அடுத்தவன் அமைதியா இருக்கான்னா அந்த அமைதியும் குழாயில வரும்.

அதையும் விடு. வில்லுப்பாட்டு கேட்டிருக்கியா? நடுவுல புலவரு வில்லைத் தட்டிக் கதை சொல்லுவாரு. பக்கத்துல ஒருத்தரு 'ஆமா' போடுவாரு. அவரு சும்மா தலையாட்டி இல்லை. கதை ஓடுற வேகம் அவரு கையில இருக்கு. கூட்டத்துக்கு எங்க புரியலையோ அங்க சந்தேகம் கேப்பாரு. எங்க சிரிக்கணுமோ அங்க இழுத்துப் பிடிப்பாரு. புலவருக்குத் தொண்டை கட்டுனா இவரு ஒரு கேள்வியைப் போட்டு அவருக்குத் தண்ணி குடிக்க நேரம் குடுப்பாரு. 'தில்லானா' எழுதுன அதே சுப்பு, காந்தி கதையை வில்லுப்பாட்டா ஊரூராச் சொன்னவரு. மோகனாம்பாளும் சண்முகசுந்தரமும் பேசுறதைப் படிச்சா, எப்ப ஒருத்தரு நிறுத்தணும், எப்ப மத்தவரு எடுக்கணும்னு வில்லுமேடை ஏறுன மனுசனோட கணக்கு தெரியும். நண்பனுக மூணு பேரு உக்காந்து கலையைப் பத்திக் கேலியாப் பேசுறது புதுசுன்னு நினைச்சீங்களா? மைக்குதான்டா புதுசு.

இப்ப உங்க நிகழ்ச்சியில நான் கண்டுபிடிச்ச ஒரு சங்கதியைச் சொல்றேன். 'தளபதி' ஆல்பத்தைப் பத்திப் பேசுறப்ப, பாதி நேரம் தாண்டி, டீக்கடைக்காரர் மகன் மெதுவா ஆரம்பிச்சான். 'எங்கப்பா அந்த வருசம் ஒரு கேசட்டு பதிஞ்சு வாங்கிட்டு வந்தாரு…' அம்புட்டுத்தான். ஒருத்தன், 'உங்கப்பா டீயையே பதிஞ்சுதான் ஊத்துறாரு'ன்னான். அடுத்தவன் அதுக்கு மேல ஒரு கடி. ரெண்டு பேரும் சிரிச்சு ஓஞ்சப்ப பேச்சு மணிரத்னத்துக்கிட்டப் போயிருச்சு. அந்தப் பயலும் கூடச் சேந்து சிரிச்சிட்டான். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் அவன் குரலே வரலை. அதையும் கேட்டேன்.

அந்தக் கேசட்டுல என்னடா இருந்துச்சு? எனக்கு அதுதான் வேணும். இளையராஜாவும் மணிரத்னமும் கடைசியாச் சேந்த படம் 'தளபதி', அடுத்த வருசமே 'ரோஜா'வுல ரகுமான் வந்துட்டாருங்கிறதெல்லாம் செல்லைத் தட்டுனா எவனுக்கும் வரும். ஆனா 1991-ல நம்ம ஊரு டீக்கடைக்காரன் ஒருத்தன், துண்டுச்சீட்டுல பாட்டுப் பட்டியலை எழுதி, பஸ் ஏறிப் போயி, ரெக்கார்டிங் கடையில தொண்ணூறு நிமிசக் கேசட்டைக் குடுத்துட்டு வந்தானே. எந்தப் பாட்டை முதல்ல போடச் சொன்னான்? எதுக்கு அடுத்து எதை வச்சான்? ஒரு பக்கம் முடியுறப்ப மிச்சமிருந்த ரெண்டு நிமிசத்துல கடைக்காரன் எதைத் திணிச்சு விட்டான்? காலையில கடை திறந்ததும் எது ஓடும், கடன் சொல்றவன் வந்தா எது ஓடும்? இதை எந்தச் செல்லும் சொல்லாது. உலகத்துல அந்தப் பய ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் வாயைத்தான் நீங்க அடைச்சீங்க.

கேலி பண்ண வேண்டாம்னு நான் சொல்லலை. கேலி இல்லாத கூட்டாளி எதுக்கு? அவன் சொல்லி முடிக்கட்டும், அப்புறம் போட்டுக் கலாய்ங்க. கேட்டுட்டுப் பண்ற கேலி ஆளைத் தொடும். கேக்காமப் பண்ற கேலி மைக்கை மட்டும்தான் தொடும்.

அதனால அடுத்த வாரத்துக்கு ஒரு ஏற்பாடு சொல்றேன். ஒருத்தன் பேசணும், ஒருத்தன் சந்தேகம் கேக்கணும், ஒருத்தன் பாலையாவா உக்காரணும். வாரத்துக்கு ஒருத்தரா மாத்திக்கங்க. யாருக்குமே பாலையா வேசம் பொருந்தலைன்னா என்னைக் கூப்பிடுங்க. வந்து உக்காந்து அந்தக் கேசட்டுக் கதையைக் கேக்குறேன். பயப்படுற எடத்துல பயப்படுறேன், வாயைப் பொளக்குற எடத்துல பொளக்குறேன், பல்லுசெட்டு விழுகாமப் பாத்துக்கிறேன்.

ஆனா ஒண்ணு. பேசுறவனுக்கு நீங்க காசு குடுக்குறீங்களோ இல்லையோ, கேக்குறவனுக்குக் குடுத்தாகணும். இந்தக் காலத்துல அவன்தான் கிடைக்கமாட்டேங்கிறான். மைக்செட்டுக்காரன் எவனும் முன்பணம் வாங்காம ஊசியை வச்சதில்லை. பேரன்னு பாக்க மாட்டேன், இருநூறு ரூவாயும் ரெண்டு கட்டு வெத்தலையும் முதல்ல வரணும். பாக்கு என் கணக்கு.